ஆர்கிட் பூவும் வெங்காயமும்: மோசமான கட்டடத்தைப் பெயர் சொல்லிச் சுட்டினால் என்ன நடக்கும்?

கேள்வி இதுதான். ஊரில் வரும் நல்ல கட்டடங்களைப் பாராட்டுவதோடு, மோசமானதையும் பெயர் சொல்லிச் சுட்டும் விருதுகள் சில நாடுகளில் இருக்கின்றனவாமே? அவற்றை யார் நடத்துகிறார்கள்? அதனால் எதுவாவது மாறியிருக்கிறதா? நாலைந்து பேர் சேர்ந்து இப்படி ஒன்றை ஆரம்பித்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

சில சமயம் மாறியிருக்கிறது. "பார்க்க அசிங்கமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்ன விருதுகள் ஒரு நாள் செய்தியோடு போய்விட்டன. அனுமதி வாங்கும்போது ஊருக்கு என்ன சொன்னார்கள், கட்டி முடித்தபின் ஊருக்கு என்ன கிடைத்தது என்று ஒப்பிட்டுக் கேட்ட விருதுகளைத்தான் பல வருடம் கழித்தும் பேசுகிறார்கள். கட்டடத்தின் அழகைப் பற்றி ஊர் ஒருநாளும் ஒத்துப்போகாது. கொடுத்த வாக்கைப் பற்றி ஒத்துப்போக முடியும். நான் கீழே சொல்லும் எல்லா உதாரணங்களும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன.

நல்லதையும் கெட்டதையும் ஒரே மேடையில் வைத்துப் பேசும் வழக்கத்துக்கு நான் முதலில் காட்டுவது அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்தை. அங்கே 1976இல் 'ஆர்கிட்ஸ் அண்ட் ஆனியன்ஸ்' என்ற விருது தொடங்கியது. நல்ல வேலைக்கு ஆர்கிட் பூ, மோசமான வேலைக்கு வெங்காயம். இப்போது சான் டியாகோ ஆர்க்கிடெக்சரல் ஃபவுண்டேஷன் என்ற லாபநோக்கமற்ற அமைப்பு அதை நடத்துகிறது. யார் வேண்டுமானாலும் ஒரு கட்டடத்தைப் பரிந்துரைக்கலாம், இறுதித் தேர்வு நடுவர் குழுவுடையது. கட்டடம் மட்டும் அல்ல. தோட்ட அமைப்பு, உள்வேலைப்பாடு, பழைய கட்டடங்களைப் பாதுகாத்த விதம், பொது இடத்துச் சிற்பம், நகரத் திட்டம் எல்லாமே பட்டியலில் வரலாம். ஒரு தெருவோ ஒரு திட்டமோகூட வெங்காயம் வாங்கலாம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த அம்சம். ஏனென்றால் நடப்பவருக்குத் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் தனிக் கட்டடம் அல்ல. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே யாரும் யோசிக்காமல் விட்ட இடம்தான்.

பிரிட்டனில் கதை வேறு மாதிரி. நல்ல கட்டடங்களுக்கான சிவிக் டிரஸ்ட் விருதுகள் அங்கே 1959இலிருந்தே உண்டு. மோசமானதற்கான விருதுக்கு அடி எடுத்துக் கொடுத்தது அரச குடும்பத்துப் பேச்சு ஒன்று. 1984 மே மாதம், பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்டுகளின் அமைப்பு தன் 150ஆம் ஆண்டைக் கொண்டாடிய விருந்தில் அன்றைய இளவரசர் சார்ல்ஸ் பேசினார். லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்குத் திட்டமிட்டிருந்த புதுப் பகுதியை, அழகான, பிரியமான நண்பரின் முகத்தில் வந்த பயங்கரமான ராஜபிளவை (ஆங்கிலத்தில் கார்பங்கிள், பெரிய சீழ்க்கட்டி) என்று சொன்னார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ராபர்ட் வென்டூரியும் டெனிஸ் ஸ்காட் பிரௌனும் வடிவமைத்த வேறொரு கட்டடம் 1991இல் அங்கே திறந்தது. ஒரு இளவரசரின் ரசனை ஒரு திட்டத்தைச் சாய்க்கலாமா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. சாய்க்கக் கூடாது என்பதுதான் என் கருத்தும். அந்த அதிகாரம் அந்த ஊரில் தினமும் நடந்து போகிறவர்களிடம் இருக்க வேண்டும்.

அந்த ராஜபிளவையின் பெயரில்தான் 'பில்டிங் டிசைன்' பத்திரிகை 2006இல் 'கார்பங்கிள் கப்' தொடங்கியது. 2018 வரை அந்தப் பத்திரிகை அதை நடத்தியது. வாசகர்கள் பரிந்துரைத்தார்கள், விமர்சகர்கள் அடங்கிய குழு அந்த வருடத்தின் மிக மோசமான புதுக் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தது. முதல் கோப்பை பிளிமத் நகரத்து டிரேக் சர்க்கஸ் என்ற வணிக வளாகத்துக்குப் போனது. அங்கே சார்ல்ஸ் சர்ச் என்ற பழைய தேவாலயம் 1941 குண்டுவீச்சில் கூரை இழந்தது. போரில் இறந்த பொதுமக்களின் நினைவாக அதை அப்படியே இடிபாடாக விட்டு வைத்திருக்கிறார்கள். ஊர் மனசில் அவ்வளவு கனமான இடம் அது. அதன் பின்னணியில் இன்று தெரிவது அந்த வளாகத்தின் சுவர்த் தகடுகள். வளாகம் தனியாக வேறொரு தெருவில் நின்றிருந்தால் யாரும் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை வடிவமைத்தவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் அங்கே கேள்வி.

2009இல் லிவர்பூல் துறைமுகத்தின் படகுத்துறைக் கட்டடம், 2011இல் சால்ஃபர்டின் மீடியாசிட்டி, 2012இல் 'கட்டி சார்க்' என்ற பழைய பாய்மரக் கப்பலைத் தீ விபத்துக்குப் பிறகு கண்ணாடிக் கூண்டின் மேல் தூக்கி நிறுத்திய வேலை என்று பட்டியல் நீண்டது. இவற்றில் எதையும் நான் விரிக்கப் போவதில்லை. மூன்றைப் பற்றி மட்டும் நின்று பேச வேண்டும்.

ஒன்று, 2010இல் கோப்பை வாங்கிய ஸ்ட்ராட்டா. தெற்கு லண்டனில் 148 மீட்டர் உயரத்தில் நிற்கும் குடியிருப்புக் கோபுரம். அதன் உச்சியில் மூன்று பெரிய காற்றாலைகள். கட்டடத்துக்கு வேண்டிய மின்சாரத்தில் சுமார் 8 சதவீதத்தை அவை தரும் என்று சொல்லியிருந்தார்கள். கட்டி முடித்தபின் அவை பெரும்பாலும் சுற்றாமல் நிற்பதைத்தான் அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். காற்றாலை அழகா இல்லையா என்று பேசினால் முடிவே கிடையாது. சொன்ன மின்சாரம் வந்ததா என்ற கேள்விக்குப் பதில் உண்டு.

இரண்டாவது, 2013இல் கோப்பை பெற்ற காலிடோனியன் ரோடு 465ஆம் எண். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜுக்கான மாணவர் விடுதி. அந்த இடத்தில் ஒரு பழைய கிடங்கு இருந்தது. அதன் செங்கல் முகப்பை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் புதுக் கட்டடத்தை எழுப்பினார்கள். புது மாடிகளின் உயரமும் பழைய ஜன்னல்களின் உயரமும் பொருந்தவில்லை. அதனால் அந்தப் பக்கத்து அறைகளில் சிலவற்றிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே செங்கல் சுவர். வெளிச்சமும் சரியாக வராது. பழமையைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் பழமையும் கெட்டது, உள்ளே இருப்பவருக்கும் வெளிச்சம் போனது. இதில் முக்கியமான விஷயம், இஸ்லிங்டன் கவுன்சில் இந்தத் திட்டத்துக்கு அனுமதி மறுத்திருந்தது. இங்கிலாந்தில் உள்ளாட்சி மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். மத்திய அரசு நியமிக்கும் ஆய்வாளர் ஒருவர் அதைப் பார்த்து முடிவு சொல்வார். அவர்தான் அனுமதி கொடுத்தார். விருது அறிவிக்கப்பட்டபோது இந்த முழுக் கதையும் பத்திரிகைகளில் வந்தது. ஒரு கட்டடம் மோசமாக வந்ததற்குப் பின்னால் எத்தனை பேருடைய கையெழுத்து இருக்கிறது என்பது பொதுமக்களுக்குத் தெரிந்தது. இதுபோன்ற விருதால் வரக்கூடிய நன்மைகளில் நான் முதலாவதாக வைப்பது இதைத்தான்.

மூன்றாவது, 2015இன் ஃபென்சர்ச் தெரு 20ஆம் எண். மேலே போகப் போக அகலமாவதால் 'வாக்கி டாக்கி' என்று ஊரே பெயர் வைத்துவிட்டது. வடிவமைத்தவர் ரஃபேல் வினோலி. 2013 கோடையில், வேலை முடிவதற்கு முன்பே, அதன் உட்குழிந்த கண்ணாடி முகப்பு வெயிலைக் குவித்துத் தெருவில் பாய்ச்சியது. கீழே நிறுத்தியிருந்த ஒரு ஜாகுவார் காரின் பாகங்கள் உருகின. அதே ஆர்க்கிடெக்ட் லாஸ் வேகாஸில் வடிவமைத்த விடாரா ஹோட்டலிலும் 2010இல் இதே பிரச்சினை வந்திருந்தது. பிறகு முகப்பில் நிழல் தகடுகளைப் பொருத்திச் சரிசெய்தார்கள். உலகம் முழுக்கப் பேசப்பட்டது அந்தக் கார்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது மேல்தளத் தோட்டம். லண்டனுக்குள்ளேயே தனி நிர்வாகம் கொண்ட 'லண்டன் சிட்டி' பகுதியின் உயரமான கட்டடங்கள் கொத்தாக நிற்கும் பகுதிக்கு வெளியே, ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் தனியாக இவ்வளவு பெரிய கட்டடம் எழும்ப, உச்சியில் பொதுமக்களுக்கு ஒரு தோட்டம் கிடைக்கும் என்பது முக்கியமான வாதமாக வைக்கப்பட்டது. 2015இல் திறந்தபோது, இலவசம்தான், ஆனால் முன்பதிவு வேண்டும், பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட வேண்டும், உள்ளே உணவகமும் மதுக்கூடமும் இடத்தைப் பிடித்திருந்தன. நினைத்த நேரத்தில் போய் உட்கார முடியாத இடத்தைப் பூங்கா என்று எப்படிச் சொல்வது? அதோடு கட்டடத்தின் அடியில் காற்று கீழ்நோக்கி அடித்து நடப்பவர்களைத் தள்ளுகிறது என்ற புகாரும் வந்தது. லண்டன் சிட்டி நிர்வாகம் 2019இல் உயரக் கட்டடங்கள் உண்டாக்கும் காற்றைப் பற்றி விரிவான வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. விருதால்தான் அந்த விதி வந்தது என்று நான் சொல்லவில்லை. காற்றும் வெயிலும் கட்டடக்கலையின் குறைகளாகப் பொதுவெளியில் பேசப்படுவதற்கு அந்த விருதும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

விருதுக்குப் பணத்தைத் தொடும் பலம் கிடையாது என்பதற்கும் இதே கட்டடம்தான் சாட்சி. கோப்பை வாங்கி இரண்டே வருடத்தில், 2017இல், ஹாங்காங்கின் லீ கும் கீ குழுமம் அதைச் சுமார் 128 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. பிரிட்டனில் ஒரு தனிக் கட்டடத்துக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை அது. ஆகவே "அவமானத்துக்குப் பயந்து டெவலப்பர் திருந்துவார்" என்ற எதிர்பார்ப்பில் விருது ஆரம்பிக்காதீர்கள். கூசக்கூடியவர்கள் வேறு ஆட்கள். தேர்தலில் நிற்க வேண்டிய கவுன்சிலர், அடுத்த கோப்பில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி, தொழிலில் பெயர் வேண்டும் என்று நினைக்கும் ஆர்க்கிடெக்ட். அவர்களுக்காக எழுதுங்கள்.

ஸ்காட்லாந்தில் இதைக் கட்டடத்தோடு நிறுத்தாமல் ஊர்களுக்கே கொண்டுபோனார்கள். 2000இல் ஒரு கட்டடக்கலைப் பத்திரிகை, நாட்டிலேயே மிகவும் சோர்ந்துபோன ஊருக்கு 'புளூக் ஆன் த பிளிந்த்' என்ற விருதை ஆரம்பித்தது. ஒரு பீடத்தின் மேல் ஒரு கொப்புளம், அவ்வளவுதான் கோப்பை. இதை நான் ஆதரிக்கத் தயங்குகிறேன். ஒரு ஊரை மோசம் என்று சொல்லும்போது அங்கே வாழ்கிறவர்களின் முகத்தில் அது விழுகிறது. முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் அங்கே வசிப்பதே இல்லை. ஆனால் பலன் இல்லை என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனின் வடகிழக்குக் கோடியில் சுற்றுலாப் பயணிகள் வந்து படம் எடுத்துக்கொள்ளும் ஜான் ஓ கிரோட்ஸுக்கு 2010இல் இந்த விருது கிடைத்தது. அங்கே மூடிப் பாழடைந்து கிடந்த ஹோட்டல் அடுத்த சில வருடங்களில் புதுப்பிக்கப்பட்டு விடுதியாகத் திறந்தது. அந்த இடத்தில் விருதின் விரல் ஒரு குறிப்பிட்ட கட்டடத்தை நோக்கி நீண்டது. கேட்கவும் செய்யவும் ஆள் இருந்தார்கள்.

அதே விருதை 2001இலும் 2005இலும் இரண்டு முறை வாங்கிய ஊர் கம்பர்நால்ட். இந்தக் கதையைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். கிளாஸ்கோவின் நெரிசலைக் குறைக்க 1955இல் அறிவிக்கப்பட்ட புது நகரம் அது. ஒரு மேட்டின் மேல் கடை, நூலகம், அலுவலகம், வீடு எல்லாவற்றையும் ஒரே பிரம்மாண்டமான கான்கிரீட் அமைப்பில் அடுக்கி, கார்களைக் கீழேயும் நடப்பவர்களை மேலேயும் பிரித்து வைப்பதுதான் நகர மையத்தின் திட்டம். முதல் கட்டம் 1967இல் திறந்தது. அதே வருடம் அமெரிக்க ஆர்க்கிடெக்டுகளின் அமைப்பு அதற்குச் சமூகக் கட்டடக்கலைக்கான விருது கொடுத்தது. உலகின் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் வரைபடத்தில் இருந்ததில் ஒரு பகுதிதான் கட்டப்பட்டது. மேட்டில் அடிக்கும் காற்றும் மழையும், ஒழுகும் கூரையும், பராமரிப்புக்குப் பணம் இல்லாததும் சேர்ந்து ஊர்க்காரர்களை அலுக்க வைத்தன. 2005இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வாக்கெடுப்பில் பிரிட்டனிலேயே முதலில் இடிக்க வேண்டிய கட்டடமாகவும் அதையே தேர்ந்தெடுத்தார்கள். 2022இல் உள்ளூர் கவுன்சில் அதை வாங்கி இடிக்கும் முடிவுக்கு வந்தது. அப்போது, இது வரலாறு, இதைக் காப்பாற்ற வேண்டும் என்று கையெழுத்து வேட்டை நடத்தியவர்களும் இருந்தார்கள்.

திறந்த வருடத்தில் கொடுத்த நல்ல விருது சரியா, பிறகு கொடுத்த கெட்ட விருது சரியா? ஒன்று எண்ணத்துக்குக் கொடுத்தது, இன்னொன்று அனுபவத்துக்குக் கொடுத்தது. நான் அனுபவத்தின் பக்கம்தான் நிற்பேன். ஆனாலும் அந்த இரண்டாவது விருதில் ஒரு குறை உண்டு. ஒழுகும் கூரைக்கும் வராத பராமரிப்புப் பணத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர்களைச் சுட்டாமல், ஊரையும் கான்கிரீட்டையும் திட்டிவிட்டு நகர்ந்தது.

ரசனை எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பதற்கு இன்னும் கூர்மையான உதாரணம் போர்ட்ஸ்மத்தின் டிரைகார்ன் சென்டர். 1966இல் திறந்த கான்கிரீட் வணிக வளாகம். 1967இல் சிவிக் டிரஸ்ட் விருது வாங்கியது. அடுத்த வருடமே பிரிட்டனின் அசிங்கமான கட்டடங்களின் வாக்கெடுப்பில் நான்காம் இடம். 2004இல் இடித்தார்கள். அந்த இடத்தில் வந்தது திறந்தவெளி வாகன நிறுத்தம். டிரைகார்னை வடிவமைத்த ஓவன் லூடர் நிறுவனமே கேட்ஸ்ஹெட்டில் வடிவமைத்த பல அடுக்குக் கார் நிறுத்தத்தை 2010இல் இடித்து, சூப்பர்மார்க்கெட்டும் மாணவர் விடுதியும் சேர்ந்த வளாகத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தப் புது வளாகம் 2014 கார்பங்கிள் கப்பின் இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. எடின்பரோவின் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2005இல் பிரிட்டனின் மிகப் பெரிய கட்டடக்கலைப் பரிசான ஸ்டர்லிங் பரிசை வாங்கியது. அதே வருடம் மேலே சொன்ன தொலைக்காட்சி நிகழ்ச்சியின் இடிக்க வேண்டிய கட்டடங்கள் பட்டியலிலும் இருந்தது. ஒரு பாணியைப் பிடிக்கவில்லை என்பதற்காக விருது கொடுத்தால் இருபது வருடத்தில் அந்த விருதுதான் பழையதாகிப் போகும்.

சுவீடனில் 2014இல் தொடங்கிய கட்டடக்கலைக் கிளர்ச்சி இயக்கம் வருடந்தோறும் நாட்டின் மிக அசிங்கமான புதுக் கட்டடத்தைப் பொதுமக்கள் வாக்கால் தேர்ந்தெடுத்து 'காஸ்பர் கால்கன்' பரிசு கொடுக்கிறது. அழகானதற்கும் பரிசு உண்டு. மக்களைக் கட்டடங்களைப் பற்றிப் பேச வைத்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த இயக்கமே மரபான பாணியை ஆதரிப்பது. அதனால் நவீனமாக இருப்பதே குற்றம் என்ற இடத்துக்குப் பேச்சு அடிக்கடி போய்விடுகிறது. மரபான பாணியில் கட்டி, உள்ளே வெளிச்சம் இல்லாத வீடு அந்த வாக்கெடுப்பில் தப்பித்துவிடும்.

சரி, நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால்?

நல்லதும் கெட்டதும் சேர்ந்தே இருக்கட்டும். வெங்காயம் மட்டும் கொடுத்தால் உங்களைக் குறைசொல்லிகள் என்று ஒதுக்கிவிடுவார்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. அதே அளவு பணத்தில், அதே மாதிரித் தெருவில் ஒருவர் நன்றாகச் செய்திருப்பதைப் பக்கத்தில் காட்டினால், "வேறு வழியில்லை" என்ற சமாதானத்துக்கு இடமிருக்காது. கூடுமானவரை ஒரே வகைக் கட்டடங்களில் ஜோடி தேடுங்கள். பேருந்து நிலையத்துக்குப் பேருந்து நிலையம், பள்ளிக்குப் பள்ளி.

யாரையும் பரிந்துரைக்க விடுங்கள், ஆனால் தேர்வை வெறும் வாக்கெடுப்பாக்காதீர்கள். வாக்கெடுப்பில் படம்தான் ஜெயிக்கும், போய்ப் பார்த்தவர் தோற்பார். நடுவர்களில் ஆர்க்கிடெக்டும் பொறியாளரும் இருக்கட்டும். கூடவே சக்கர நாற்காலியில் வருபவர், கைக்குழந்தையோடு பேருந்துக்கு நிற்பவர், அந்தக் கட்டடத்தைத் தினமும் கூட்டித் துடைப்பவர் ஆகியோரும் இருக்க வேண்டும். எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், எந்தக் கதவை எப்போதும் பூட்டியே வைத்திருக்கிறார்கள் என்பது கடைசியில் சொன்னவருக்குத்தான் தெரியும். நடுவர்கள் எல்லோரும் நேரில் போக வேண்டும். ஒரு முறை வெயில் நேரத்திலும் ஒரு முறை இருட்டியபிறகும் போவது நல்லது.

தனி மனிதர் தன் சேமிப்பில் கட்டிய சின்ன வீட்டைத் தொடவே வேண்டாம். அது அவருடைய ரசனை, அவருடைய பணம். பொதுப் பணத்தில் கட்டியது, பொதுமக்களை வரவழைப்பது, பெரிய அளவில் அனுமதி வாங்கியது, இவை மட்டும் போதும். திறந்து ஒரு இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அமெரிக்க ஆர்க்கிடெக்டுகளின் அமைப்பு, கட்டி 25 வருடம் தாண்டிய கட்டடங்களுக்கென்றே தனி விருது வைத்திருக்கிறது. அவ்வளவு காலம் காத்திருக்க உங்களால் முடியாது, தேவையும் இல்லை. ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் கட்டடம் பார்த்திருக்க வேண்டும், அதுதான் குறைந்தபட்சம்.

விருதுக் குறிப்புதான் உயிர். கோப்பையைவிட அதற்கு அதிக நேரம் கொடுங்கள். அனுமதிக் கோப்பில் என்ன சொல்லியிருந்தார்கள்: எத்தனை மரம், எவ்வளவு திறந்தவெளி, நடைபாதை எவ்வளவு அகலம், பொதுமக்களுக்கு எந்த வழி. இன்று அங்கே என்ன இருக்கிறது. மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தது யார். இப்போதும் சரிசெய்யக்கூடியது எது. இதில் கடைசிக் கேள்விதான் வெங்காயத்தை வேலை செய்ய வைக்கும். பத்து மாடியைக் குறை என்றால் யாரும் குறைக்க மாட்டார்கள். பூட்டிய வாசலைத் திற, நடைபாதையிலிருந்து ஜெனரேட்டரை எடு, இரண்டு பெஞ்சும் நிழலும் போடு என்றால் ஒரு மாதத்தில் நடக்கலாம். ஆர்க்கிடெக்ட் பெயரை மட்டும் போடுவது நியாயமில்லை. உரிமையாளர், டெவலப்பர், அனுமதி கொடுத்த அலுவலகம் எல்லாம் வர வேண்டும். நல்ல வடிவமைப்பைக் கொடுத்துவிட்டு, செலவைக் குறைக்கிறோம் என்று மற்றவர்கள் அதைச் சிதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆர்க்கிடெக்டுகள் ஏராளம்.

அறிவிப்பதற்கு முன் சம்பந்தப்பட்டவர்களுக்கு எழுதி அவர்கள் பதிலைக் கேளுங்கள், வந்தால் அதையும் சேர்த்தே வெளியிடுங்கள். உண்மைத் தகவலையும் உங்கள் கருத்தையும் தனித்தனியாகத் தெரியும்படி எழுதுங்கள். இங்கிலாந்தில் 2013 அவதூறுச் சட்டம் நேர்மையான கருத்தை ஒரு தற்காப்பாக ஏற்கிறது. அந்தக் கருத்து எதன் அடிப்படையில் சொல்லப்பட்டது என்பதைக் காட்டியிருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. உங்கள் இடத்தின் சட்டம் வேறாக இருக்கலாம், முதல் அறிவிப்புக்கு முன் ஒரு வக்கீலிடம் குறிப்பைக் காட்டிவிடுங்கள். "ஊழல்", "கூட்டுச்சதி" போன்ற சொற்கள் கையில் ஆதாரம் இல்லாமல் அந்தப் பக்கத்தில் வரவே கூடாது.

அப்புறம், மூன்று வருடத்துக்கு ஒரு முறை பழைய வெங்காயங்களைத் திரும்பப் போய்ப் பாருங்கள். சரிசெய்திருந்தால் அதை எழுத்தில் சொல்லி, அந்த விருதைத் திரும்பப் பெறுங்கள். எனக்குத் தெரிந்த விருதுகளில் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கும் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை, அது பெரிய குறை. ஒரு வருடம் தகுதியான கட்டடம் இல்லை என்றால் கட்டாயத்துக்குக் கொடுக்கவும் வேண்டாம். மேலே சொன்ன அமெரிக்க 25 வருட விருதையே 2018இல் யாருக்கும் கொடுக்காமல் விட்டார்கள். ஆர்கிட், வெங்காயம் இரண்டுக்கும் அதே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்.